வெனிசுவேலா பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதில் எதை நம்புவது?

மிளகுக்கொடி, தாண்டிக்குடி:
எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுவோம். இந்த முறை வெனிசுவேலா பற்றிப் பேச வேண்டியது நான். இரண்டு வாரமாகப் படிக்கிறேன், குழப்பம்தான் மிச்சம். ஒரு பத்திரிகையில் அது சோசலிசத்தால் நாசமான நாடு, இன்னொன்றில் அமெரிக்கா கழுத்தை நெரித்த நாடு. எங்கே போனாலும் 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எடுத்த அந்தப் படம் வந்துவிடுகிறது: 2.4 கிலோ கோழி, பக்கத்தில் அதன் விலையான 1 கோடியே 46 லட்சம் பொலிவார் (அந்நாட்டுப் பணம்), கட்டுக்கட்டாக. பொய்யில்லை. ஆனால் அதை வாங்கித் தின்ற குடும்பம் படத்தில் இல்லை.

எனக்கு இது வெறும் படிப்பு விஷயம் இல்லை. அதே வருடம் நவம்பரில் கஜா புயலில் எங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் காப்பிச் செடிகள் மேல் சாய்ந்து கிடந்தன. கீழேயிருந்து வந்த ஒரு நிருபர் அம்மாவைக் காலிக் குடத்தோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்துப் போனார். வீட்டுக்குப் பின்னால் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இல்லாமல் போனது கரண்டும் பாதையும். அம்மா இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார். வெனிசுவேலாத் தலைநகர் கராகஸிலும் எத்தனை அம்மாக்கள் அப்படி நின்றிருப்பார்களோ?

ஓய்வுபெற்ற வாத்தியார், கோத்தகிரி:
நல்ல கேள்வி அம்மா. தலைப்பை விட்டுவிட்டு, எழுதியவர் எதைச் சரிபார்த்தார் என்று தேடுங்கள். 2019 பிப்ரவரி 23 அன்று கொலம்பிய எல்லையில் கூகுத்தா பக்கத்துப் பாலத்தில் வெனிசுவேலாவுக்குக் கொண்டுபோன உதவிப் பொருள் லாரி எரிந்தது. அப்போதைய வெனிசுவேலா அதிபர் மதுரோவின் ஆட்கள் கொளுத்தினார்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள், பல இடங்களில் அப்படியே செய்தியானது. இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் வீடியோக்களைக் கோத்துப் பார்த்து, அரசை எதிர்த்தவர் ஒருவர் எறிந்த பெட்ரோல் குண்டிலிருந்து தீ பற்றியிருக்கக்கூடும் என்று எழுதியது.

அதனால் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மதுரோவுக்கு எதிராகப் புளுகுகிறார்கள் என்று போய்விடாதீர்கள். 2024 ஜூலை 28 தேர்தலில் மதுரோ வென்றதாக அறிவித்த ஆணையம் வாக்குச்சாவடி வாரியான கணக்கை வெளியிடவே இல்லை. எதிர்க்கட்சியினர் சாவடி சாவடியாகச் சேர்த்த வாக்கு எண்ணிக்கைத் தாள்களை இணையத்தில் போட்டார்கள். ஏபி செய்தி நிறுவனம் அவற்றைக் கூட்டிப் பார்த்தது. அந்தத் தாள்களில் எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கோன்சாலஸ்தான் முன்னால் இருந்தார்.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாடு விற்கும் கச்சா எண்ணெயின் விலை சரிந்தது 2014, பணவீக்கம் தறிகெட்டது 2017, எண்ணெய் மீதான அமெரிக்கத் தடை 2019 ஜனவரி. தடை நிலைமையை மோசமாக்கியது, தொடங்கிவைக்கவில்லை. ஏழை மக்கள் மதுரோவுக்கு முன் அதிபராக இருந்த சாவேஸை ஏன் அப்படி நேசித்தார்கள் என்பதையும் ஒதுக்கிவிடாமல் பேசுங்கள்.

அடுப்படி அக்கா, கொடைக்கானல்:
அரசியல் ஐயா சொல்லிவிட்டார். நான் வேலை பார்க்கும் விடுதியில் வெனிசுவேலாவின் மெரிதாவிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு வாரம் தங்கினார். அதுவும் மலை ஊர், காப்பி விளையும் பக்கம். டிசம்பர் மாதம். மக்காச்சோள மாவைத் தட்டி, நடுவில் கறியும் உலர்ந்த திராட்சையும் வைத்து, வாழை இலையில் மடித்துக் கயிறு கட்டி வேகவைத்தார். பெயர் அயாக்கா. அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கட்டுவார்களாம். அவர் வீட்டில் நாலு பேர் நாலு நாட்டில். நாட்டை விட்டுப் போனவர்கள் 70 லட்சத்துக்கும் மேல் என்று பேப்பரில் படித்தபோது எனக்குப் புரியவில்லை, அவர் ஒற்றை ஆளாகக் கயிறு கட்டியபோதுதான் புரிந்தது.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி:
ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பாலத்து லாரியில் ஆரம்பிக்கிறேன். கோழிப் படத்தைக் கடைசியில் காட்டுகிறேன், அதை எடுத்த மாதத்தோடு. அயாக்காவும் செய்துகொண்டு போகலாம் என்று ஆசை. இலைக்கு எங்கள் மலைவாழை இருக்கிறது. கடை மக்காச்சோள மாவு சரிப்படுமா அக்கா?

அடுப்படி அக்கா, கொடைக்கானல்:
அவர் வைத்திருந்தது ஏற்கெனவே வேகவைத்து அரைத்த மாவு. நம் பச்சை மாவு விண்டுபோகும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஆறியதும் பிசையுங்கள். இலையை அனலில் வாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மடிக்கும்போது கிழியும்.