எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ராத்திரியானா சட் சட்னு சத்தம், அம்ப் ஆப் ஆகுது. அவசரம்!

ஹட்டன்_பையன்: அண்ணமாரே, கொழும்புல ஒருத்தர்கிட்ட பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் (காந்தத்துக்குப் பதிலா உயர் வோல்டேஜ்ல ஒரு மெல்லிய தாள் அதிர்ந்து பாடுமே, அது) ஒரு சோடி எடுத்தேன், பகல்ல அருமையா பாடுது, பாடுறவங்க ரூமுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு, ஆனா பொழுது சாஞ்சு பனி எறங்குனா இடது பக்கம் சட் சட்னு சத்தம், கொஞ்சம் கூட்டுனா அம்ப் செவப்பு லைட் போட்டு ஆப் ஆயிருது. டாக் (டிஜிட்டல் பாட்ட அம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்துற பொட்டி) புதுசு, வயரும் புதுசு. எதுல பிழை? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க.

யாழ்_வால்வு: என்ன ஸ்பீக்கர், என்ன அம்ப் எண்டு சொல்லாம விட்டா நாங்கள் என்ன சாத்திரமே பாக்கிறது?

பண்டாரவளை90: வோல்டேஜ் பாத்தீங்களா? ராத்திரி எல்லாரும் கேத்தல் போடுறப்ப எங்க லைன்ல நல்லா எறங்கும். ஸ்டெபிலைசர் போட்டா சரியாயிரும்.

ஓம்_விதி: இது என்னன்னு தெரியாமலே வாங்கிட்டு வந்து கேக்குறாங்க. அம்ப்புக்கு அது ஒரு கபாசிட்டர் மாதிரி தெரியும் தம்பி, சுருதி மேல போகப் போக ஓம்ஸ், அதாவது கரண்ட தடுக்கிற அளவு, விழும், இங்கிலாந்து குவாட் கம்பெனியோட பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் 57-ல 2 ஓமுக்கும் கீழ போயிரும். இந்த மன்றத்துலயே இதப் பத்தி இருக்கிற பழைய இழைய தேடிப் படிச்சிட்டு வாங்க.

யாழ்_வால்வு: 57-க்கு வால்வு அம்ப்தான் பொருத்தம். குவாட்டின்ர வால்வு அம்ப் குவாட் 2, வெறும் 15 வாட், அதுவே போதும்.

ஹட்டன்_பையன்: குவாட் ஈஎஸ்எல்-63. அம்ப் சின்ன கிளாஸ்-டி (சுவிட்ச் மாதிரி வேகமா ஆன் ஆப் ஆகி ஓடுற வகை), பேரெல்லாம் ஒண்ணும் போடல. லாப்டாப்புல இருந்து யூஎஸ்பி டாக். ஸ்பீக்கர் ஜன்னல் ஓரமா செவத்தோட ஒட்டி நிக்குது.

பெக்டரி_வயர்மேன்: இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் தலவாக்கலை பக்கம், இதே 63 ஒண்ண பாத்திருக்கேன். உள்ள அஞ்சாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடுது, முன்னாலயும் பின்னாலயும் தூசி, ஈரம் போகாம மெல்லிய பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டியிருக்கும், அது கிழிஞ்சா தூசியும் பனியும் சேந்து கரண்ட் கசிய ஆரம்பிச்சிரும். உள்ள பொறி பறந்தா 63 அதை மோப்பம் பிடிச்சு தன் இன்புட்டையே ஷார்ட் பண்ணிரும், அதனாலதான் உங்க அம்ப் படுத்துக்குது. அம்ப் மேல பழி போடாதீங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு அம்ப் வயர கழட்டி, ஸ்பீக்கர் கரண்ட மட்டும் போட்டு விடுங்க. அப்பவும் சட் சட்னா பிழை பேனல்ல, அதாவது உள்ள பாடுற தகட்டுல. கழட்டிப் பாக்குறேன்னு கை வைக்காதீங்க, பிளக்க புடுங்கினாலும் சார்ஜ் நிக்கும்.

ஓம்_விதி: கிளாஸ்-டியும் சந்தேகம்தான். அதோட பில்டர் சாதாரண ஸ்பீக்கருக்குன்னு போட்டது, கபாசிட்டர் சுமை வந்தா மேல் சுருதியில கூத்தடிக்கும். 63 உச்சத்துல 40 வோல்ட் வரைக்கும்தான் சுத்தமா பாடும், அதையும் மனசுல வைங்க. வேற அம்ப் இல்லையா?

ஹட்டன்_பையன்: பெரியப்பாவோட குவாட் 303 இருக்கு. அதுல வால்யூம் திருகு இல்ல.

பெக்டரி_வயர்மேன்: பொன்னு மாதிரி அம்ப், 45 வாட், எடுங்க. ஆனா அது அரை வோல்ட்லயே முழு சத்தம் குடுத்துரும், டாக் 2 வோல்ட் தள்ளும். லாப்டாப்புல 12 டெசிபெல் கொறச்சுட்டு ஆரம்பிங்க, இல்லாட்டி மொத பாட்டுலயே சத்தம் எக்கச்சக்கமா கூடி கரகரத்துரும். செவத்துல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க, பின்னாலயும் அதே அளவு சத்தம் வரும்.

யாழ்_வால்வு: டிஜிட்டல்ல 12 டெசிபெல் குறைச்சா பாட்டின்ர துல்லியத்தில ரெண்டு பிட் போச்சு!

ஓம்_விதி: 24 பிட்ல ரெண்டு பிட் போனா 22, அதை காதால கண்டுபிடிக்கிறவர இதுவரைக்கும் நான் பாக்கல.

பண்டாரவளை90: எங்க பக்கம் பனி பிரச்சினையே இல்ல. ஆடி ஆவணியில நல்லா காய்ஞ்ச காத்து, எலக்ட்ரோஸ்டாட்டிக் வைக்க எங்க ஊவா மாகாணம்தான் சரி. தேயிலையும் அப்பதான் மணக்கும்.

பெக்டரி_வயர்மேன்: ஐப்பசி வந்தா உங்க பக்கம் கொட்டுற மழைய மறந்துட்டீங்களோ. தேயிலைன்னா எங்க பக்கத்து டிம்புள்ள, தை மாசியில பறிக்கிறது. ஊவாவுல இருக்கிற அந்த தைல வாசம் எனக்கு மருந்து மாதிரி.

பண்டாரவளை90: ஏலத்துல போய் கேளுங்க அந்த தைல வாசத்துக்கு என்ன வெல குடுக்குறாங்கன்னு.

யாழ்_வால்வு: நாங்கள் பாலும் சீனியும் போட்டுத்தான் குடிக்கிறது, எல்லாம் ஒண்டுதான்.

பெக்டரி_வயர்மேன்: அண்ணே அப்படிச் சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்துராதீங்க.

ஹட்டன்_பையன்: 303 போட்டு, சத்தம் கொறச்சு கேட்டேன், ஆப் ஆகல. அம்ப் வயர் இல்லாமலும் இடது பக்கம் சட் சட். தாள்ல கீழ் மூலை கிழிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆளுங்களுக்கு டிவிலதான் பாட்டு. நன்றி.

நோர்வூட்_ரசிகன்: நல்ல இழை. சோடி எவ்வளவுக்கு எடுத்தீங்க?