ஐ7 லேப்டாப், ஐ5 டெஸ்க்டாப்: ரெண்டுலயும் 10 கோர். வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கு எது?

திருமங்கலம்_ஸ்டுடியோ:
கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மெஷின் பார்க்கிறோம். ஃபுட்டேஜ் எல்லாம் 4கே, ஹெச்.265, 10 பிட், 4:2:2 (கலர் விவரம் கூடுதலா பதியுற வகை). மனசுல இருக்கிறது ரெண்டு: ஐ7-13620ஹெச் போட்ட லேப்டாப், ஐ5-13400 போட்ட டெஸ்க்டாப். ரெண்டுமே 10 கோர், 16 த்ரெட். லேப்டாப் 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகுது, டெஸ்க்டாப் 4.6தான். எல்3 கேஷும் (சிப்புக்குள்ள இருக்கிற வேக மெமரி) லேப்டாப்ல 24 எம்பி, டெஸ்க்டாப்ல 20. பேப்பர்ல லேப்டாப்தான் பெரிசு. அப்புறம் ஏன் எல்லாரும் டெஸ்க்டாப்பே வாங்கச் சொல்றாங்க? எடிட் ரூம்ல ஏசி கிடையாது.

வாட்_கணக்கு:
கடைசியா போறபோக்குல சொன்னீங்களே, ஏசி இல்லைன்னு. விஷயமே அதுலதாண்ணே இருக்கு.

சிப் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயித்துப் பிள்ளைங்க. 6 பி கோர் (வேகமான பெரிய கோர்), 4 இ கோர் (கரண்ட் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர்), எல்2 கேஷ்கூட ரெண்டுக்கும் 9.5 எம்பி. பிரியுறது வாட்லதான். 13620ஹெச்சுக்கு இன்டெல் போட்டிருக்கிற பேஸ் பவர் 45 வாட், டர்போ உச்சம் 115. 13400க்கு 65, 148.

4.9ங்கிறது ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் உழைக்கும்போது வர்றது. அதுக்குக் கொஞ்சம் வாட்டே போதும், அதனால போட்டோஷாப்ல ஆல்பம் டிசைன், டேலி, பிரவுசர் இதுலயெல்லாம் லேப்டாப் சளைக்காது. எக்ஸ்போர்ட் (எடிட் முடிச்ச வீடியோவை ஃபைலா எடுக்கிறது) கொடுத்தா பத்து கோரும் சேர்ந்து இறங்கும். முதல் அரை நிமிஷம், மிஞ்சினா ஒரு நிமிஷம் முறுக்கிக்கிட்டு ஓடும். அப்புறம் பிஎல்1ங்கிற நீண்ட நேர லிமிட்டுக்கு இறங்கிடும். அந்த லிமிட் மெலிசான மாடல்ல 35 வாட்டா இருக்கலாம், தடிமனான கேமிங் மாடல்ல 70ஆ இருக்கலாம். முடிவு பண்றது இன்டெல் இல்லை, லேப்டாப் செய்யுற கம்பெனி. ஒரே சிப் ரெண்டு லேப்டாப்ல ரெண்டு வேகம் காட்டுறது இதனாலதான். பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இதைச் சொல்லாது.

இனி வெயில். சிப் மேல இருக்கிற கூலரால ரூம் சூட்டைக் குறைக்க முடியாது. ரூம் 28 டிகிரியில சிப் 90ல நின்னா, கத்திரியில ரூம் 38 ஆகும்போது அதே வாட்டுக்கு 100 தொடும். ரெண்டு சிப்புக்கும் எல்லை 100தான். தொட்டதும் தானா வாட்டைக் குறைச்சுக்கும். டெஸ்க்டாப்ல பெரிய கூலர் மாட்டித் தப்பிக்கலாம். லேப்டாப்ல பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பும் அதே ஹீட் பைப்பைத்தான் பங்கு போடும். ரெண்டும் சேர்ந்து உழைச்சா சிபியு பங்கு இன்னும் சுருங்கும்.

மேலூர்_எடிட்ஸ்:
ஒத்துக்கிறேன், ஆனா டெஸ்க்டாப்னு பேர் வச்சதும் வேகம் தானா வந்துடாது. விலை குறைஞ்ச ஹெச்610 மதர்போர்டு சிலதுல விஆர்எம் (சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதி) மேல ஹீட்சிங்க்கே இருக்காது. நீண்ட எக்ஸ்போர்ட்ல போர்டே சிபியு வாட்டைக் கட் பண்ணும். விஆர்எம்முக்கு ஹீட்சிங்க் இருக்கிற பி760 எடுங்க. பெட்டியோட வர்ற கூலரை வச்சுக்கிட்டு பயாஸ்ல லிமிட்டைத் திறந்துவிட்டா அதுவும் 100 தொடும். அந்தக் கூலர்தான்னா பிஎல்1 65லயே இருக்கட்டும். நாலு ஹீட் பைப் டவர் கூலர் போட்டா 90, 100ன்னு ஏத்திப் பார்க்கலாம். ஏத்தின அளவுக்கு வேகம் கூடாது, கடைசி வாட்டுகள் வேகத்தை விடச் சூட்டைத்தான் அதிகம் கூட்டும்.

ரேம் 16 ஜிபி ரெண்டு குச்சி. ஒத்தைக் குச்சியில 32 போட்டா சேனல் ஒண்ணுதான் ஓடும்.

செல்லூர்_சர்வீஸ்:
பெரிய பள்ளத்தை யாரும் சொல்லலையே. 13400எஃப் விலை கம்மின்னு கடையில தள்ளிவிடுவாங்க, வாங்கிடாதீங்க. எஃப் இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, அப்போ குவிக் சிங்க்கும் (வீடியோவை டீகோட், என்கோட் பண்ற இன்டெல் பகுதி) இல்லை. உங்க ஹெச்.265 4:2:2 ஃபுட்டேஜை டீகோட் பண்றதே அதுதான். என்விடியா 30, 40 சீரீஸ் கிராஃபிக்ஸ் கார்டு 4:2:2ஐ டீகோட் பண்ணாது. 50 சீரீஸ்லதான் வந்துச்சு. எஃப் சிப்போட 4060 போட்டா மொத்த பாரமும் கோர் தலையில விழுந்து டைம்லைன் திக்கும்.

எஃப் இல்லாத சிப் வாங்கினாலும் ஒரு வேலை பாக்கி. கார்டு மாட்டினதும் சில போர்டு உள் கிராஃபிக்ஸைத் தானா அணைச்சுடும். பயாஸ்ல ஐஜிபியு மல்டி மானிட்டர்னு இருக்கும் (போர்டுக்குப் போர்டு பேர் மாறும்), அதை எனேபிள் பண்ணுங்க. பிரீமியர்ல பிரிஃபரன்சஸ், மீடியா போய் இன்டெல் டீகோடிங்ல டிக் இருக்கான்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல இன்டெல் ஜிபியுவோட வீடியோ டீகோட் கோடு ஏறினா சரி.

திருமங்கலம்_ஸ்டுடியோ:
நன்றிண்ணே. எஃப்தான் கொட்டேஷன்ல போட்டிருந்தாங்க, மாத்தச் சொல்லியாச்சு. மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போக ஒரு லேப்டாப்பும் பின்னாடி தேவைப்படும். கடையில டெமோ பீஸ் தந்தா எதைப் பார்க்கணும்? டெஸ்க்டாப்புக்கு இருக்கிற 600 விஏ யுபிஎஸ் தாங்குமா?

வாட்_கணக்கு:
சார்ஜர் மாட்டி, பவர் மோடை உச்சத்துல வச்சு, சினிபெஞ்ச் ஆர்23 மல்டி கோர் 10 நிமிஷம் ஓட்டுங்க. பக்கத்துல ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேரைத் திறந்து சிபியு பேக்கேஜ் பவரைப் பாருங்க. முதல் நிமிஷ நம்பரை விட்டுடுங்க. எட்டாவது நிமிஷத்துல எத்தனை வாட்ல நிக்குதோ அதுதான் அந்த லேப்டாப். 45க்கு மேல நின்னா நல்ல பீஸ். கடை ஏசியில பார்க்கிறீங்கங்கிறதையும் மறந்துடாதீங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு ஒருதடவை ஓட்டுங்க, பேட்டரியில வாட் எவ்வளவு சரியுதுன்னு தெரிஞ்சிடும். மண்டபத்துல பிளக் பாயின்ட் கிடைக்காத அன்னைக்கு அதுதான் உங்க வேகம்.

யுபிஎஸ் பத்தாது. 600 விஏ பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு, மானிட்டர் சேர்ந்து எக்ஸ்போர்ட்ல 300 வாட்டை நெருங்கும், பழைய பேட்டரி கரண்ட் போன நொடியிலேயே கைவிட்டுடும். எம்பி4 ஃபைலோட இண்டெக்ஸைப் பொதுவா கடைசியிலதான் எழுதும். 95 சதவீதத்துல நின்னாலும் அந்த ஃபைல் திறக்காது, முதல்ல இருந்து ஓட்டணும். 1 கேவிஏ போடுங்க. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) ஆக்டிவ் பிஎஃப்சி வகையா இருந்தா பியூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸாப் பார்த்து எடுங்க. இல்லைன்னா சில யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் ஜோடி பேட்டரிக்கு மாறுற நொடியில ட்ரிப் ஆகும்.