மீன் தொட்டியில் நானோ வெள்ளி விடலாமா?

மார்த்தாண்டம் கப்பி:
மழையில் கிணறு கலங்கிவிட்டது. தொட்டியில் கிருமி வரக்கூடாதென்று நானோ வெள்ளிக் கரைசலை 10 சொட்டு விட்டேன். காலையில் பார்த்தால் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஆறு செத்துவிட்டன. அம்மா வெள்ளி டம்ளரில்தான் தண்ணீர் குடிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

தக்கலை வாத்தியார்:
தம்பி, டம்ளரும் இதுவும் ஒன்றா? நானோ துகள் 1 முதல் 100 நானோமீட்டர்தான். அவ்வளவு பொடியானால் மேற்பரப்பு பல மடங்கு கூடும், வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு, வேகமாகக் கரைந்து வரும். அது செவுளில் சோடியத்தை உள்ளிழுக்கும் நொதியை முடக்கும். நன்னீர் மீன் உடம்பிலுள்ள உப்பை இழந்தே சாகும்.

துகளைச் செல் விழுங்கவும் செய்யும். உள்ளே லைசோசோம் என்ற செரிமானப் பையின் அமிலத்தில் அது கரைந்து இன்னும் அயனியைக் கக்கும். விருந்தாளி என்று கதவைத் திறந்தால் திருடன்! அப்புறம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, செல்லைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜன் பெருகும். அதை அடக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் தீர்ந்தால் டி.என்.ஏ. வரை அடி விழும்.

குளச்சல்காரன்:
கடல் தண்ணீரில் உள்ள குளோரைடு இந்த வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நஞ்சு கொஞ்சம் மட்டுப்படும். உங்களுடையது கிணற்றுத் தண்ணீர். பில்டரில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைக் குறைக்கும் நல்ல பாக்டீரியாவும் போயிருக்கும், அம்மோனியா பார்த்தீர்களா?

மார்த்தாண்டம் கப்பி:
பார்த்தேன் அண்ணா, ஏறித்தான் இருக்கிறது. மிச்சமுள்ள நாலு மீனையும் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பாட்டிலில் ‘முற்றிலும் இயற்கை’ என்று போட்டிருக்கிறான்!