மாங்குளத்தில் 24×30 அடி வீடு: ஓடா, அஸ்பெஸ்டஸ் சீற்றா, கலர் தகரமா?

வளவுக்காரன்:
சுவர் முடிஞ்சுது. முகடு 30 அடிப் பக்கமா, ரெண்டு சரிவு. பின்வளவு காடு, மந்தி வரும். சித்திரை வெக்கையும் தாங்கோணும். எதைப் போடலாம்?

ஓடாவி:
வெக்கைக்கு ஓடுதான். இடுக்குகளால சூடு வெளியேறும். சுத்திவர இரண்டரை அடி தாழ்வாரம் விட்டு 30 பாகை சரிச்சால் பரப்பு ஏறத்தாழ 1,170 சதுர அடி. உடைவோட 1,700 ஓடு, முகட்டுக்குப் போடுற ஓடு 35 எடுங்கோ. பாரம் நாலு தொன்னைத் தாண்டும், நனைஞ்சால் இன்னும் கூடும். முகட்டிலிருந்து தாழ்வாரத்துக்குச் சரியிற கைமரம் 17 அடி வரும். நடுவில அதைக் குறுக்கால தாங்கிற மரம், தாங்குவளை, இல்லாட்டித் தொய்யும், தொய்ஞ்ச இடத்தில ஓடு விலகி ஒழுகும்.

ஓடு கொழுவிற குறுக்குச் சட்டம்தான் சிலாகை. அதின்ர இடைவெளியை ஆரும் சொன்ன கணக்கில அடியாதேங்கோ. வாங்கின ஓட்டில 11 எடுத்து நிலத்தில கோர்த்து, முழுக்க இழுத்தும் ஒருக்கா, முழுக்க நெருக்கியும் ஒருக்கா முதல் ஓட்டின்ர பல்லிலிருந்து (சிலாகையில கொழுவிற கீழ்ப்பக்க மேடு) கடைசி ஓட்டின்ர பல்லுவரை அளவுங்கோ. ரெண்டுக்கும் நடுவை எடுத்துப் பத்தால பிரிச்சால் அதுதான் இடைவெளி. ஒவ்வொரு சூளைக்கும் இது மாறும்.

முத்தையன்கட்டான்:
ஓடாவியண்ணை சொல்றது சரி, ஆனால் மந்தி பாயிற வளவில வருசா வருசம் ஓடு மாத்தோணும். நான் சொல்றது 0.47 மில்லிமீற்றர் கலர் தகரம். முழுக்கூரையும் அரைத் தொன் வராது, மரமும் மிச்சம். மழைச்சத்தம் மட்டும் சகிக்கோணும்.

வெக்கைக்குத் தகரத்துக்குக் கீழ பொயில் (மினுங்கிற அலுமினியத் தாள்) விரியுங்கோ: மினுக்கம் கீழ்ப்பக்கம் பார்க்க, அதுக்குக் கீழ ஒரு அங்குலமாவது காத்து இடைவெளி. மினுக்கம் மேல பார்த்தால் தூசு படிஞ்சு பயன் குறையும். சீலிங்கோட ஒட்டினால் பயனே இல்லை. ஸ்குறூவைத் தகர நெளிவின்ர மேட்டில அடியுங்கோ, பள்ளத்தில இல்லை. றப்பர் வோஷர் பிதுங்கிற அளவுக்கு இறுக்கினால் வெடிச்சு முதல் மாரியிலேயே ஒழுகும். முகட்டிலயும் தாழ்வாரத்திலயும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒண்டு, காத்து அங்கதான் கிளப்பும். 2020 டிசம்பரில புரெவிப் புயல் திருகோணமலைத் திரியாய்ப் பக்கம் கரையேறினது, எங்களுக்குத் தூரமில்லை. கைமரத்தைச் சுவர்வளையோட (சுவருக்கு மேல படுக்கிற மரம்) இரும்புப்பட்டியால கட்டி, அந்த வளையை பெல்ற் கொங்கிறீற்றுக்குள்ள (சுவரைச் சுத்திவர ஊத்தின கொங்கிறீற்று) போல்ற் போடாட்டித் தகரம் மரத்தோட சேர்ந்து போகும்.

வளவுக்காரன்:
தகரம்தான் போல. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் 12 கிடக்கு, குசினிக்கு வெட்டிப் போடலாமோ?

ஓடாவி:
வெட்டாதேங்கோ, கிறைண்டர் கிட்டவும் வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள்ள போனால் திரும்ப வராது. அதால வாற புற்றுநோய் தெரிய வருசக்கணக்காகும். தண்ணி தெளிச்சு, உடைக்காமல் முழுசாப் பொலித்தீனில சுத்தி வையுங்கோ. குசினிக்கும் தகரத்தையே நீட்டுங்கோ.