36 மாதத் தவணையா, ரொக்கமா?

சாட்ஸ்வர்த் தம்பி:
என் 24 மாத செல்போன் ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. "அப்கிரேட் வந்துவிட்டது" என்று தினமும் அழைப்பு. புதுப் போனும் சிம்மும் சேர்த்து 36 மாதம், மாதம் 699 ராண்ட். அப்கிரேடுக்குத் தனிக் கட்டணம் வேறு. அதே போன் கடையில் ரொக்கத்துக்கு 15,000. அம்மாவோ, "பழசுக்கு என்ன குறைச்சல்?" என்கிறார். என்ன செய்யலாம்?

பீனிக்ஸ் அக்கா:
பெருக்கிப் பார் தம்பி, 25,164 வருகிறது. ரொக்கத்துக்கு வாங்கி, மாதம் 199 ராண்டுக்கு சிம் மட்டும் எடுத்தால் மூன்று வருடத்துக்கு 22,164தான். கையில் பணம் இருந்தால் சரி, இல்லையென்றால் தவணைதான் வழி. ஆனால் மூன்றாம் வருடம் பேட்டரி படுத்துவிடும், தவணை படுக்காது!

டர்பன் மாமா:
முதலில் பில்லைப் பார். ஒப்பந்தம் முடிந்தாலும் அது தானாக நிற்காது, மாதாமாதம் ஓடும். கடன் தீர்ந்த போனுக்கு நான் ஐந்து மாதம் பழைய தொகையையே கட்டினேன். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து நடுவிலும் விலகலாம். ஆனால் போன் பாக்கியையும் நியாயமான அபராதத்தையும் கேட்பார்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி:
பார்த்தேன் மாமா. இந்த மாதமும் முழுத் தொகைதான் பிடித்திருக்கிறார்கள். நாளைக்கே சிம் மட்டும் திட்டத்துக்கு மாறுகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.