பழைய காரில் ‘வந்துபோகும் பழுது’: உணரிக் குறிகளுக்கான சொற்கள்

வணக்கம்.

எஞ்சின் விளக்கு சில நாள் எரியும், தானாக அணையும், மறுபடி எரியும். ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக்குறி விழும். நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு ‘இடைவிட்ட உணரிப் பழுதுக்குறி’ (உணரி என்பது சென்சார்) என்று இருக்கிறது. இரண்டு இடத்தில் இடறுகிறது.

முதலாவது, ‘உணரிப் பழுது’. படிப்பவர் உணரியே கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு புதியதை மாட்டுவார். விளக்கு மறுபடி எரியும். பி0335 சொல்வது கிராங்க் நிலை உணரியின் (கிராங்க் தண்டு சுழலும் நிலையை அறியும் உணரி) சுற்றில் கோளாறு என்பதை. உணரி, கனெக்டர், ஒயர், எர்த், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் அந்தச் சுற்றுக்குள் அடக்கம். எனவே ‘உணரிச் சுற்றுப் பழுதுக்குறி’. நீளம்தான், ஆனால் ‘சுற்று’ விழுந்தால் பொருளே மாறிவிடும்.

அடுத்தது, ‘இடைவிட்ட’. சீரான இடைவெளியில் வருவதுபோல் ஒலிக்கிறது. இந்தப் பழுது சூட்டுக்கும் அதிர்வுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வரும். பட்டறையில் ‘வந்து வந்து போகுது’ என்பார்கள். ‘வந்துபோகும் பழுது’ என்றே வைக்கலாம். ‘தற்காலிகப் பழுது’ வேண்டவே வேண்டாம், தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும்.

*

> ‘வந்துபோகும் பழுது’ என்றே வைக்கலாம்.

ஏற்கிறேன் ஐயா. ஆனால் பழுது வந்துபோவது வேறு, குறியின் நிலை வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடக் கூடாது. ஓபிடி-2 (வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் பொது முறை) முறையில் பெரும்பாலான பழுதுகள் முதல் ஓட்டத்தில் (எஞ்சினைக் கிளப்பி, ஓட்டி, அணைப்பது ஓர் ஓட்டம்) ‘நிலுவைக்குறி’யாக மட்டும் பதியும், விளக்கு எரியாது. அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால்தான் ‘உறுதிக்குறி’, கூடவே விளக்கு. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது வராவிட்டால் விளக்கு அணையும். குறியோ பொதுவாக எஞ்சின் 40 முறை சூடேறும் வரை நினைவகத்தில் கிடக்கும். (‘ஓட்டச் சுற்று’ என்று எழுதாமல் ‘ஓட்டம்’ என்றதற்குக் காரணம், ‘சுற்று’ என்பதை மின்சுற்றுக்கே விட்டுவைக்கலாம்.)

குறி பதியும்போது எஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பம், சுமை, வண்டியின் வேகம் ஆகியவை சேர்ந்து சேமிக்கப்படுகின்றன. இதற்குப் பட்டியலில் உள்ள ‘உறைசட்டம்’ (ஃப்ரீஸ் ஃபிரேம்) எதையும் உணர்த்தவில்லை. ‘பழுதுகணப் பதிவு’ என்கிறேன். குறியை அழித்தால் இதுவும் அழியும், ஆகவே முதல் வேலை இதைக் குறித்துக்கொள்வது. கூலன்ட் 95 டிகிரி என்று இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் தேடிப் பயனில்லை.

இரண்டு ஒயர் உள்ள தூண்டல் வகை கிராங்க் உணரியைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, ஹேர் டிரையரால் சூடாக்கி ஒருமுறை ஓம் அளவில் பாருங்கள். பல உணரிகள் 500 முதல் 1500 ஓம் வரை காட்டும். சரியான அளவு அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். சூட்டில் முடிவிலிக்குத் தாவினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. மூன்று ஒயர் ஹால் உணரியை (காந்தப்புல மாற்றத்தை உணரும் மின்னணு வகை) ஓம் அளவில் சோதிக்காதீர்கள். அதற்கு மின்சப்ளை 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் பக்க மின்னழுத்த இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*

> ‘பழுதுகணப் பதிவு’ என்கிறேன்.

ஒரு திருத்தம். இசியூ பதிவது பழுது தொடங்கிய கணத்தை அல்ல, குறி விழுந்த கணத்தை. பழுது அதற்குச் சில நொடிகள் முன்பே தொடங்கியிருக்கலாம். போதாததற்கு, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை) அல்லது எரிபொருள் அமைப்புக் குறி பின்னால் வந்தால் பழைய பதிவின்மேல் அதன் பதிவு ஏறிவிடும். ‘குறிகணப் பதிவு’ பொருந்தும். எந்தக் குறிக்கு உரிய பதிவு என்று பார்க்கவும் அது நினைவூட்டும்.

‘திறந்த சுற்று’ பாடநூல் வழக்கு, இருக்கட்டும். ஆனாலும் ஒயர் வேலையில் ‘அறுந்த சுற்று’ சட்டென்று புரிகிறது. ஸ்கேனரில் கூலன்ட் வெப்ப உணரியின் நேரடி அளவு ஓடும்போதே மைனஸ் 40-க்கு விழுந்தால் அறுந்த சுற்று; திடீரென 130-க்கு மேல் தாவினால் எர்த்தோடு குறுக்குச் சுற்று. உண்மையான வெப்பம் ஒரு நொடியில் அப்படி மாறாது.

எஞ்சினை ஓடவிட்டு ஒயர்க்கட்டை ஓரிடமாகப் பிடித்து அசைத்துக்கொண்டே இந்த அளவைப் பார்ப்பதற்கு ‘அசைவுச் சோதனை’ போதும். ஃபேன், பெல்ட் பக்கம் கையை விடாமல், கனெக்டரிலிருந்து தொடங்கி ஒயர்க்கட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் வரை போக வேண்டும். இங்கே மல்டிமீட்டரின் ஓம் அளவை மட்டும் நம்பக் கூடாது: ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது நல்ல ஒயர் என்றே காட்டும். மின்சுமை ஏற்றி மின்னழுத்த இழப்பைப் பார்த்தால்தான் தெரியும்.