டிஎல்ஆர் (டாட்நெட்டில் புது மொழி கட்ட உதவும் பகுதி) மேல் சொந்தமாக ஒரு சின்ன கணினி மொழி: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து:

எங்கள் வீட்டில் ஒரு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். அப்பா வலையைச் சரிபார்ப்பார், நான் பங்குக் கணக்கைப் பார்ப்பேன். ஏலத்தில் வந்த தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் ஆட்களுக்கும் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முறை படகுக்குப் படகு மாறும். அவரவர் முறையை அவரவரே தமிழில் எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி இருந்தால் நன்றாக இருக்குமே என்று போன தடைக்காலத்தில் உட்கார்ந்தேன்.

டிஎல்ஆரை எடுத்ததற்குக் காரணம், அது 2010இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 4உடனேயே சேர்ந்து வந்துவிட்டது. நம் மொழியின் வரிகளை எக்ஸ்பிரஷன் மரமாக (கணக்கைக் கிளைகிளையாகப் பிரித்துக் காட்டும் வடிவமாக) கட்டிக் கொடுத்தால் போதும், அதைக் கம்பைல் செய்து ஓடக்கூடிய நிரலாக மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும்.

முதல் அடி லெக்சரில், அதாவது எழுதியதைச் சொல்சொல்லாகப் பிரிக்கும் பகுதியில், விழுந்தது. 'விலை' என்று எழுதினால் 'வ' மட்டும் பெயராக வந்தது. இதைக் கட்ட எடுத்த சி ஷார்ப் மொழியிடம் 'இது எழுத்தா?' என்று கேட்டால் வ-வுக்கு ஆம் என்கிறது, அதன் மேலிருக்கும் கொக்கிக்கு இல்லை என்கிறது. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் வேறு வகை. அவற்றையும் சேர்த்தேன். அப்புறம் 'கொடுவா' வந்தது. ஒரு விசைப்பலகை 'கொ'வின் குறியை ஒன்றாகத் தந்தது, இன்னொன்று ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகத் தந்தது. கண்ணுக்கு ஒரே மீன், மொழிக்கு இரண்டு பெயர். கோப்பைப் படித்தவுடனே நார்மலைஸ் செய்து, இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கியதும் சரியானது.

என்னைப் படுத்தி எடுத்தது 'எடை * விலை'தான். அந்த இடத்துக்கு முதல்முறை வரும்போது எப்படிச் செய்வது என்று டிஎல்ஆர் நம் பைண்டரை (அதைச் சொல்ல நாம் எழுதிக் கொடுக்கும் பகுதியை) கேட்கும். பைண்டர் ஒரு விதி தரும்: இந்த நிபந்தனை பொருந்தினால் இப்படிப் பெருக்கு. அடுத்த முறை நிபந்தனை பொருந்தினால் பைண்டரைக் கேட்பதே இல்லை, விதி நேராக ஓடும். வேகம் வருவதே இதனால்தான்.

நான் நிபந்தனையில் இடப்பக்க மதிப்பின் வகையை (முழு எண்ணா, தசம எண்ணா என்பதை) மட்டும் எழுதியிருந்தேன். முதல் பெட்டி நண்டு 18 கிலோ, விலை 350. சரியாக வந்தது. அடுத்த பெட்டியும் 18 கிலோ, விலை 412.50. இடப்பக்கம் அதே முழு எண், ஆகவே பழைய விதி பொருந்திவிட்டது. 412.50ஐயும் முழு எண்ணாக எடுக்கப் போய் புரோகிராம் நின்றது. வரிசையை மாற்றினால் 350இல் நின்றது! தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சரி. இரண்டு இரவு பார்சரில் (வரியின் அமைப்பைப் படிக்கும் பகுதியில்) தேடினேன், பிழை அங்கே இல்லவே இல்லை.

பயந்துபோய், 'இதே பொருள் (நினைவகத்தில் இருக்கும் அதே ஆப்ஜெக்ட்) வந்தால் மட்டும்' என்று நிபந்தனையை இறுக்கினேன். எண் ஒவ்வொரு முறையும் புதுப் பொருளாகத்தான் வருகிறது, அதனால் எந்த விதியும் மறுபடி பொருந்தவில்லை. வரிக்கு ஒரு விதி கம்பைல் ஆகி, கணக்கு நகரவே மறுத்தது. கடைசியில் இரண்டு பக்கத்தின் வகையையும் நிபந்தனையில் வைத்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, நான் இதையே ஜேவிஎம்மில் (ஜாவா ஓடும் தளத்தில்) செய்தேன். எந்த வழியில் செய்வது என்பதை ஓடும்போதே முடிவுசெய்ய விடும், 2011இல் ஜாவா 7உடன் வந்த இன்வோக்டைனமிக்தான். அங்கே விதிகளைச் சேர்த்து வைக்கும் வேலை நம் தலையில். சோதனை, பொருந்தினால் இது, பொருந்தாவிட்டால் அது என்று நாமே சங்கிலி கோக்க வேண்டும். எனக்கு அதற்கு வரம்பு வைக்கத் தோன்றவில்லை. ஒரே இடத்தில் பல வகை வரவர, சங்கிலி நீண்டு, வேகத்துக்காகச் செய்ததே சுமையாகிவிட்டது. இத்தனைக்கு மேல் போனால் பொது வழிக்குப் போ என்று வைத்த பிறகுதான் சரியானது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்னும் ஏலம் போகாத பெட்டிக்கு விலை காலியாக இருக்குமே, வெற்று மதிப்புக்கு வகை ஏது?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் ஓட்டிப் பார்த்தேன். கணவாய்க்கு விலை போடாத வரியில் மாட்டிக்கொண்டது. வகையை வைத்து எழுதிய நிபந்தனை வெற்று மதிப்புக்குப் பொருந்தவே இல்லை. நான் தூக்கிப் போட்ட அந்த 'இதே பொருள்' நிபந்தனை இங்கேதான் வேண்டியிருந்தது. வெற்றுக்கு மட்டும் அதைத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது 'கணவாய்க்கு விலை போடவில்லை, வரி 7' என்று தமிழிலேயே வருகிறது.